ஊசியால் வந்ததில்லை, தம்பி

ராயபுரத்திலிருந்து எழுதியிருந்தீர்கள்: அம்மாவின் மார்பகப் புற்றுநோய் எலும்புக்கு வந்துவிட்டது, ஊசி குத்திச் சதை எடுத்துச் சோதிக்கும் பயாப்சியால்தான் பரவியது என்று, அதற்குச் சம்மதித்த உங்களைத்தான் சொந்தக்காரர்கள் குறை சொல்கிறார்கள். தம்பி, அந்தப் பாரத்தை இறக்கி வையுங்கள்.

எலும்பு மஜ்ஜை, நுரையீரல், கல்லீரல் எல்லாம் சிஎக்ஸ்சிஎல்12 என்ற கீமோகைனைச் சுரக்கின்றன. செல்களைக் கூப்பிடும் சின்னப் புரதம் அது. மார்பகப் புற்றுசெல்கள் பலவற்றில் அதை உணரும் சிஎக்ஸ்சிஆர்4 ஏற்பி இருப்பதை 2001-இலேயே கண்டறிந்தார்கள். காசிமேட்டில் மீன் இறங்கும் இடத்துக்குப் பூனை மோப்பம் பிடித்து வருமே, அப்படித்தான் ரத்தத்தில் மிதக்கும் செல் அங்கே போய் ஒட்டுகிறது. பரவுவதற்கு வேறு காரணங்களும் உண்டு. ஆனால் ஊசி குத்தியதால் எலும்புக்குப் போய்விடவில்லை.

அப்புறம், எலும்பு முறிவைத் தடுக்கும் சோலெட்ரானிக் ஆசிட் அம்மாவுக்குத் தேவையா என்று டாக்டரிடம் கேளுங்கள். அதைத் தொடங்குமுன் பல் டாக்டரையும் பார்த்துவிடுங்கள்.