நாட்சம்பளம் கூடியும் இலங்கை மலையகத் தேயிலைத் தோட்ட மக்களின் கஷ்டம் ஏன் தீரவில்லை?

சம்பளத்தை மட்டும் பார்த்தால் இது விளங்காது. நாட்சம்பளம் 2021இல் 1,000 ரூபாய், 2024இல் 1,350 ரூபாய் என்று ஏறியது உண்மை. ஆனால் எங்கள் தோட்டத்தில் சொன்ன கிலோ கொழுந்து பறிக்காவிட்டால் அரைப்பேர்தான், அதாவது பாதிச் சம்பளம்தான். 2022 பொருளாதார நெருக்கடியில் மாவும் அரிசியும் ஏறிய விலைக்கு அந்தக் கூலி எந்த மூலைக்கு?

அதைவிடப் பெரிய சிக்கல் காணி. 1948இல் எங்கள் மக்களிடமிருந்து பறிபோன குடியுரிமைப் பிரச்சினை, குடியுரிமை வழங்கிய 2003 சட்டத்தோடுதான் ஓரளவு முடிந்தது. வாக்கு இருக்கிறது, ஆனால் நாங்கள் தலைமுறையாகக் குடியிருக்கும் லயம் (வரிசை வீடு) தோட்டக் கம்பெனியின் குத்தகைக் காணியில் நிற்கிறது. 2018இல் பிரதேச சபைச் சட்டத்தைத் திருத்தும் வரை, நாங்களே வாக்களித்துத் தெரிவுசெய்த பிரதேச சபை (உள்ளூராட்சி மன்றம்) தோட்டத்துக்குள் பாதை போடவும் சட்டம் தடையாக இருந்தது. இதை நினைத்தால் இன்றும் நெஞ்சு கொதிக்கிறது.

வீட்டுக்கென்று ஒரு துண்டுக் காணி கொடுப்பது நல்ல காரியம். ஆனால் காணி உறுதி (உரிமைப் பத்திரம்) கையில் இல்லாமல் அதை வைத்து வங்கிக் கடன் எடுக்க முடியாது. வாக்குக் கேட்டு வருபவர்களிடம் சம்பளத்துக்கு முன் காணி உறுதியைக் கேளுங்கள்.