ஏர்பிரஷ் இல்லாமல் 1/72 மாதிரி டாங்கியைப் பழசாகக் காட்ட முடியுமா?

முடியும். பத்து வருடமாக நான் அப்படித்தான் செய்கிறேன். முதல் கிட்டை (பாகம் பாகமாக வரும் பிளாஸ்டிக் மாதிரியை) ஒட்டி, பச்சை அடித்து, காய்ந்ததும் பார்த்தால் கொடைவிழாக் கடையில் வாங்கிய பொம்மை மாதிரி மினுங்குகிறது, அதனால்தான் கேட்கிறீர்கள் என்று நினைக்கிறேன். ஏர்பிரஷ், அதாவது காற்றழுத்தத்தில் பெயின்ட் தூவும் கருவி, வைத்திருப்பவர்கள் சண்டைக்கு வரவேண்டாம். அதில் அடித்தால் நன்றாக இருக்கும், தெரியும். அது வாங்கும் காசில் எனக்கு ஏழெட்டு கிட் வரும், அவ்வளவுதான் விஷயம்.

எனக்குச் செங்கோட்டை. அப்பா லாரிகளுக்கு டிங்கர், பெயின்ட் பட்டறை வைத்திருந்தார். புளியரை வழியாகக் கேரளாவுக்குப் போய்வரும் வண்டிகளைப் பார்த்து வளர்ந்ததால் துரு எங்கே பிடிக்கும், எந்தப் பக்கம் வழியும் என்பது எனக்குப் புத்தகம் இல்லாமலே தெரியும். டிரைவர் கால்வைத்து ஏறும் படியில் பெயின்ட் முதலில் போகும். போல்ட் தலைக்குக் கீழே மழைத்தண்ணீர் கோடு இழுக்கும். டாங்கியும் இரும்புதானே. ஆள் ஏறி இறங்கும் இடமும் மூடியின் விளிம்பும்தான் தேயும். நடு முதுகில் பொட்டுப்பொட்டாகத் துரு வைப்பவர்களைப் பார்த்தால் எனக்கு அம்மை போட்ட ஞாபகம்தான் வரும்.

இவ்வளவு தெரிந்தவன் முதல் டாங்கியை எப்படி முடித்தேன் தெரியுமா? அது ஒரு டி-55. பெயின்ட் திட்டுத்திட்டாக விழுந்துவிட்டது, துடைக்கலாம் என்று பட்டறையில் இருந்த என்.சி. தின்னரைப் பஞ்சில் தொட்டேன். டரட், அதாவது பீரங்கி இருக்கும் மேல்கூண்டு, விரலோடு ஒட்டிக்கொண்டு பாகு மாதிரி இழுத்துக்கொண்டு வந்தது. கிட் பிளாஸ்டிக் பாலிஸ்டைரீன், என்.சி. தின்னர் அதைக் கரைத்துவிடும். அப்பா எட்டிப் பார்த்துவிட்டு, "லாரியத் தொடைக்கதக் கொண்டு சோப்பு டப்பாவத் தொடச்சா அப்படித்தாம்ல ஆவும்" என்றார். அவ்வளவுதான் அவர் எனக்குச் சொல்லிக்கொடுத்த மாடல் பாடம்.

இப்போது செய்வது இது. அக்ரிலிக் பெயின்டைத் தண்ணீராகக் கலக்கி பிரஷ்ஷாலேயே மூன்று கை அடிப்பேன். அதன்மேல் பளபளப்பான (gloss) வார்னிஷ், ஒருநாள் காயவேண்டும். அப்புறம் பர்ன்ட் அம்பர் என்ற அடர் பழுப்பு ஆயில் கலரை வைட் ஸ்பிரிட் என்ற மென்மையான தின்னரில் கரைத்து, நுனி பிரஷ்ஷால் போல்ட்டின் அடியிலும் இணைப்புக் கோட்டிலும் லேசாகத் தொட்டால் போதும், அது தானாகவே கோட்டுக்குள் ஓடும். அரைமணி கழித்து, ஸ்பிரிட்டில் நனைத்த காதுக்குச்சியால் மேலிருந்து கீழாக ஒரே ஒரு இழு. அந்த இழுப்பில் மிஞ்சும் அழுக்குதான் மழைக்கறை. வார்னிஷ் இல்லாமல் வெறும் பிளாஸ்டிக்கில் ஸ்பிரிட் தேங்கினால் சக்கர அச்சு மாதிரி இறுக்கமாகச் செருகிய பாகம் விரிசல் விட்டுவிடும்.

பெயின்ட் உதிர்ந்த தோற்றத்துக்குப் பாத்திரம் தேய்க்கும் ஸ்பாஞ்சைப் பிய்த்து, அடர் பழுப்பைத் தொட்டு, காகிதத்தில் ஒற்றி ஒற்றி ஒன்றுமே இல்லை என்று தோன்றும்போது டாங்கியில் தொடவேண்டும். 1/72-இல் ஒரு மில்லிமீட்டர் புள்ளி என்பது நிஜத்தில் 7 சென்டிமீட்டர் காயம். டிராக்கில், அதாவது சக்கரங்களைச் சுற்றி ஓடும் சங்கிலிப் பட்டையில், தரை உரசும் முகத்தை மட்டும் பென்சில் கரியால் தேயுங்கள், உரசி உரசி மினுங்கும் இரும்பு அப்படியே வரும்.

இடையில் ஒன்று. ராத்திரியில் பெயின்ட் அடிக்க ஜன்னலைத் திறக்க முடிவதில்லை. ஜல்லியும் எம்-சாண்டும் ஏற்றிக்கொண்டு மலையேறும் பெரிய லாரிகள் ஒன்றன்பின் ஒன்றாகப் போய்க்கொண்டே இருக்கின்றன. நம் குன்றை உடைத்து அந்தப் பக்கம் கேரளாவில் வீடு கட்டுகிறார்கள், குழிவிழுந்த ரோடும் தூசியும் நமக்கு. லாரி பட்டறைக்காரன் மகன் இதைச் சொல்லலாமா என்று கேட்பீர்கள். அப்பா காலத்து லாரிகள் வாழைக்காயும் வைக்கோலும்தான் ஏற்றிப்போயின. சரி, விடுங்கள்.

சேற்றுக்கு வருகிறேன், எனக்கு அடிபட்ட இடம் அதுதான். 1971 நவம்பரில், அப்போதைய கிழக்குப் பாகிஸ்தானில் (இன்றைய வங்கதேசம்) இருந்த கரீப்பூரில், நம் ராணுவத்தின் 45 கேவல்ரி என்ற டாங்கிப் படைப்பிரிவு ஓட்டிய பி.டி.-76 ஒன்றைச் செய்தேன். தண்ணீரில் மிதந்து போகும் சோவியத் டாங்கி அது, அங்கே பாகிஸ்தானின் சாஃபி டாங்கிகளை எதிர்த்து நின்றது. கோட்டைவாசல் வளைவிலிருந்து செம்மண் எடுத்துவந்து, வறுத்து, வேட்டித்துணியில் இரண்டு தடவை சலித்து, பெவிகால் தண்ணீரில் குழைத்துச் சக்கரத்தில் அப்பினேன். சலிக்காமல் போட்டால் ஒரு மணல்துகள்கூட பாறாங்கல் மாதிரி தெரியும். எனக்கு ஏக சந்தோஷம். கேரள எல்லைக்கு அந்தப் பக்கம் ஆரியங்காவில் டீக்கடையில் பழக்கமான ஓய்வுபெற்ற ராணுவக்காரர் ஒருவர் இருக்கிறார், எழுபத்தைந்து வயதுக்கு மேல், அந்தச் சண்டைக்காலத்தில் கிழக்கே இருந்தவர். அவரிடம் கொண்டுபோய்க் காட்டினேன். கண்ணாடியைக் கழற்றி மாட்டி, திருப்பித் திருப்பிப் பார்த்தார். "எல்லாம் கொள்ளாம் மோனே. பக்ஷே இது நம்முடெ கோட்டவாசல் மண்ணல்லே?" என்றார், எல்லாம் நன்றாக இருக்கிறது, ஆனால் இது நம் கோட்டைவாசல் மண் இல்லையா என்று. அப்புறம் டீ கிளாஸின் அடியில் விரலைத் தேய்த்து, அங்கே மண் சாம்பல் நிறம், காய்ந்தால் வெளிறிப்போகும், பூட்ஸில் அப்பினால் கஞ்சி மாதிரி விடாது என்று சொன்னார். கங்கைச் சமவெளி வண்டல், எனக்கு ஏன் தோன்றவில்லை! அவரோடு வாதாட எனக்கு என்ன இருக்கிறது? நவம்பரில் நம் ஊரில் மழை, அங்கேயும் அப்படித்தான் என்று ஏதோ உளறிவிட்டு வந்தேன்.

இடதுபக்கத்துச் செம்மண்ணை வெந்நீரில் ஊறவைத்துச் சுரண்டி, சிமென்ட் நிறத்தில் மறுபடி பூசினேன். அன்றைக்கு நல்ல சாரல். மேலே மினுக்கத்தைக் குறைக்கும் மேட் வார்னிஷ் ஸ்ப்ரே அடித்ததும் வெள்ளையாகப் பூத்துவிட்டது. ஈரக்காற்றில் ஸ்ப்ரேயின் கரைப்பான் சட்டென்று ஆவியாகும்போது பரப்பு குளிர்ந்து, ஈரம் அதில் படிந்துவிடும். ஜூன், ஜூலையில் தென்காசிப் பக்கம் இருப்பவர்கள் அந்த டப்பாவைத் தொடவே வேண்டாம். வெயில் வந்தபிறகு இன்னொரு கை அடித்ததில் பாதி சரியானது. மிச்சப் பாதி பனிமூட்டம் என்று சொல்லிக்கொள்கிறேன், கரீப்பூரில் அன்றைக்கு மூடுபனிதான்.

வலதுபக்கம் இன்னும் செம்மண்தான். ஷெல்ஃபில் அந்தப் பக்கத்தைச் சுவரைப் பார்த்து வைத்திருக்கிறேன்.