பல வேலை தெரியும், எதிலும் நிபுணத்துவம் இல்லை, வாழ்க்கையும் மாறிவிட்டது: விசுவாசியாக என் மதிப்பை எதில் காண்பது?

கேள்வியின் சாரம் இது: "நாலைந்து வேலைகள் ஓரளவு தெரியும், எதிலும் கரைகண்டவர் என்று சொல்ல முடியாது. இத்தனை காலம் செய்த வேலையும் போய்விட்டது. கர்த்தருடைய பார்வையில் எனக்கு என்ன மதிப்பு? இனி என்ன செய்வது?"

இரண்டு கேள்விகள் ஒன்றாகப் பின்னிக்கிடக்கின்றன. 'எனக்கு என்ன மதிப்பு' என்பது ஒன்று, 'என்னால் இப்போது என்ன பயன்' என்பது இன்னொன்று. முதல் கேள்விக்கான விடையை இரண்டாவதில் தேடுவதால்தான் வேலை மாறும்போதெல்லாம் மனம் உடைகிறது.

முதல் கேள்விக்கு வேதம் வேலையைக் காட்டிப் பதில் சொல்வதில்லை. "இவர் என்னுடைய நேசகுமாரன், இவரில் பிரியமாயிருக்கிறேன்" என்ற சத்தம் வானத்திலிருந்து கேட்டபோது இயேசு ஒரு பிரசங்கமும் செய்திருக்கவில்லை, ஒரு அற்புதமும் நடந்திருக்கவில்லை. ஏறக்குறைய முப்பது வயதுவரை அவரை ஊரார் அறிந்தது தச்சனாக (மாற்கு 6:3). பிதாவின் பிரியம் முதலில் வந்தது, ஊழியம் பிறகு வந்தது. கிறிஸ்துவுக்குள் இருப்பவருக்கும் இதே வரிசைதான். எபேசியர் 2-ஆம் அதிகாரத்தில் 'கிருபையினாலே இரட்சிக்கப்பட்டீர்கள்' என்பது 8-ஆம் வசனம்; நற்கிரியைகள் 10-ஆம் வசனத்தில்தான் வருகின்றன.

வேலை மாறியவர்கள் பொறுமையாகப் படிக்க வேண்டிய பகுதி என்று நான் சொல்வது லேவியரின் வரலாறு. வாசஸ்தலம் என்ற நடமாடும் ஆராதனைக் கூடாரத்தின் பணிக்காகப் பிரிக்கப்பட்ட இஸ்ரவேல் கோத்திரத்தார் இவர்கள். எண்ணாகமம் 4-இல், பயணத்தின்போது அந்தக் கூடாரத்தைச் சுமந்துபோக அவர்களுடைய மூன்று வம்சங்களுக்கு மூன்று சுமைகள் ஒதுக்கப்படுகின்றன. கோகாத் வம்சத்தாருக்கு உடன்படிக்கைப் பெட்டி, மேஜை, குத்துவிளக்கு, பீடங்கள். கெர்சோன் வம்சத்தாருக்குத் திரைகள். மெராரி வம்சத்தாருக்குப் பலகைகள், தாழ்ப்பாள்கள், தூண்கள், பாதங்கள், முளைகள், கயிறுகள். 7-ஆம் அதிகாரத்தில் வண்டிகள் பங்கிடப்படும்போது மெராரிக்கு 4 வண்டியும் 8 மாடும், கெர்சோனுக்கு 2 வண்டியும் 4 மாடும் கிடைக்கின்றன. கோகாத்துக்கு ஒன்றுமில்லை, அவர்கள் தோளில் சுமக்க வேண்டியவர்கள். பங்கீடு வேலையைப் பார்த்தது. அதில் யார் உயர்ந்தவர் என்ற கணக்கே இல்லை.

நூற்றாண்டுகள் கழித்து அந்த வேலையே இல்லாமல் போகிறது. ஜனங்கள் ஓரிடத்தில் நிலைத்துவிட்டதால், இனி லேவியர் வாசஸ்தலத்தைச் சுமக்கத் தேவையில்லை என்று தாவீது ராஜா சொல்கிறான் (1 நாளாகமம் 23:26). பரம்பரை பரம்பரையாகச் சுமந்தவர்களுக்கு இனிமேல் என்ன வேலை? அதே அதிகாரம் விவரமாகவே சொல்கிறது: பிராகாரங்களையும் அறைகளையும் கவனிப்பது, பரிசுத்த பணிமுட்டுகளை (ஆராதனைப் பாத்திரங்களையும் கருவிகளையும்) சுத்தம் செய்வது, தேவசமுகத்தில் வைக்கும் சமுகத்தப்பம், மெல்லிய மாவு, அளவைகள், காலையிலும் மாலையிலும் நின்று துதிப்பது. முப்பது வயதுக்கு மேற்பட்ட 38,000 பேரில் 24,000 பேர் ஆலயப் பணிக்கு, 6,000 பேர் தலைவரும் நியாயாதிபதிகளுமாக, 4,000 பேர் வாசல் காக்க, 4,000 பேர் வாத்தியங்களோடு பாட. பாடகர் தலைவர்களைப் பாருங்கள்: ஏமான் கோகாத் வம்சம், ஆசாப் கெர்சோன் வம்சம், ஏத்தான் மெராரி வம்சம் (1 நாளாகமம் 6). திரையும் பலகையும் சுமந்த குடும்பங்களிலிருந்தே பாடகர்கள் வந்தார்கள். கோகாத் வழிவந்த கோராகின் புத்திரர் சிலர் வாசல் காத்தார்கள். "என் தேவனுடைய ஆலயத்தின் வாசற்படியில் காத்திருப்பதைத் தெரிந்துகொள்ளுவேன்" என்ற 84-ஆம் சங்கீதத்தின் தலைப்பில் இருப்பதும் கோராகின் புத்திரர்தான்.

சுமை போனபோது அவர்கள் ஏன் ஒன்றுமில்லாதவர்கள் ஆகவில்லை? அவர்களுடைய சுதந்தரம், அதாவது அவர்களுக்கு உரிமையாகக் கிடைத்த பங்கு, அந்தச் சுமையில் இருக்கவில்லை. 'கர்த்தரே அவர்களுக்குச் சுதந்தரம்' என்பது உபாகமம் 10:9. வேலை மாறியபோது சுதந்தரம் மாறவில்லை.

பல வேலை தெரிந்திருப்பது குறையா என்றால், அந்த வாசஸ்தலத்தைச் செய்த பெசலெயேலைப் பாருங்கள். பொன், வெள்ளி, வெண்கலம், கல், மரம் என்று எல்லாவற்றிலும் கைதேர்ந்தவன் (யாத்திராகமம் 31). தேவஆவியினால் நிரப்பப்பட்டவன் என்று வேதம் முதன்முதலில் சொல்வது இந்தக் கைவினைஞனைத்தான். தனியாகவும் விடப்படவில்லை, அகோலியாப் கூட இருந்தான். மற்றவர்களுக்குக் கற்றுக்கொடுக்கும் மனதும் கொடுக்கப்பட்டது (35:34).

இனி நடைமுறை. ஒரு நோட்டும் ஒன்றரை மணி நேரமும் போதும். ஜெபத்தோடு தொடங்குங்கள், அந்த ஜெபத்தில் நன்றி மட்டும் இருக்கட்டும். பிறகு பக்கத்தில் மூன்று பத்திகள் போட்டுக்கொள்ளுங்கள். முதல் பத்தியில் இதுவரை செய்தவை: சம்பளத்துக்குச் செய்தது, வீட்டில் செய்தது, சபையில் செய்தது எல்லாம். பதவிப் பெயர் எழுத வேண்டாம், செய்த செயலை எழுதுங்கள். 'கணக்காளர்' என்று எழுதினால் வேலை போன அன்றே அந்த வரி செத்துவிடும். 'கலைந்து கிடக்கும் ரசீதுகளை மாதவாரியாக அடுக்கி, பணம் எங்கே விடுபட்டது என்று கண்டுபிடிப்பேன்' என்று எழுதினால் அது உங்களோடேயே இருக்கும். 'அம்மாவைப் பார்த்துக்கொண்டேன்' என்பதும் போதாது. 'மருந்து வேளைகளையும் டாக்டரிடம் கேட்க வேண்டியவற்றையும் ஒரே தாளில் எழுதி வைத்தேன், இரவில் பயந்தபோது பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன்' என்று எழுதுங்கள். இரண்டாம் பத்தியில் அதனால் பயனடைந்தவர் யார் என்று பெயரோடு. மூன்றாம் பத்தியில் இன்றைய உடல்நிலைக்கும் நேரத்துக்கும் அதில் எவ்வளவு செய்ய முடியும் என்று. மூன்றாவதை மட்டும் பென்சிலில் எழுதுங்கள், அடிக்கடி மாறும்.

அடுத்து, உங்களோடு சேர்ந்து உழைத்த இரண்டு பேரிடம் கேளுங்கள். ஒருவர் சபையைச் சேர்ந்தவர், இன்னொருவர் வெளியே இருப்பவர். சபையில் பலர் உங்களை ஞாயிற்றுக்கிழமை மட்டுமே பார்க்கிறார்கள். 'என் வரம் என்ன?' என்று கேட்டால் மரியாதைக்கு ஏதாவது சொல்லிவிடுவார்கள். 'எந்தக் காரியத்துக்கு என்னைத் தேடி வருவீர்கள்?' என்று கேளுங்கள். வரங்களைக் கண்டறியும் வினாத்தாள்களை நான் இதற்குப் பிறகுதான் வைப்பேன். நீங்கள் உங்களைப் பற்றி என்ன நினைக்கிறீர்கள் என்பதைத்தான் அவை பெரும்பாலும் திருப்பிக் காட்டும்.

பிறகு ஒன்றே ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். வாரத்துக்கு இரண்டு மணி நேரம், மூன்று மாதம், முடிவுத் தேதியோடு. பலர் தடுமாறுவது இங்கேதான். பல வேலை தெரிந்தவர் என்று தெரிந்தால் சபையில் காலியாக இருக்கும் எல்லா இடத்துக்கும் அவரையே கூப்பிடுவார்கள். மதிப்புக்காக ஏங்கும் மனம் எல்லாவற்றுக்கும் சரி என்று சொல்லும். சில மாதங்களில் களைப்பும் கசப்பும் வரும், கடைசியில் எல்லாவற்றையும் ஒன்றாக விட்டுவிடுவார்கள்.

இதற்கு நேர் எதிரான தவறு, ஒன்றுமே செய்யாமல் புதைத்து வைப்பது. மத்தேயு 25-இல் வரும் உவமையில், எஜமான் பெருக்கச் சொல்லி ஊழியக்காரரிடம் தாலந்துகளை (பெருந்தொகைப் பணத்தை) ஒப்படைக்கிறார்; ஒரு தாலந்தை வாங்கிப் புதைத்தவனைச் சோம்பேறி என்று மட்டும் பார்த்துக் கடந்துவிடுகிறோம். அவன் சொன்ன காரணம் பயம், அந்தப் பயத்துக்கு அடியில் இருந்தது எஜமான் கடினமானவர் என்ற எண்ணம். ஐந்தும் இரண்டும் வாங்கியவர்களுக்குக் கிடைத்த பாராட்டை 21-ஆம் வசனத்திலும் 23-ஆம் வசனத்திலும் ஒப்பிட்டுப் பாருங்கள், சொல்லுக்குச் சொல் ஒன்றே.

வசனத்தைப் பாதியாக எடுப்பதும் ஆபத்து. எரேமியா 29:11-ஐச் சுவரில் மாட்டுகிறோம். அது பாபிலோனுக்குச் சிறையாகப் போனவர்களுக்கு எழுதிய கடிதம். முந்தைய வசனம் எழுபது வருஷம் என்கிறது, 5-ஆம் வசனம் வீடு கட்டுங்கள், தோட்டம் நாட்டுங்கள் என்கிறது. பழைய வேலை அடுத்த மாதமே திரும்பி வரும் என்ற வாக்குறுதியாக அதைப் பிடித்துக்கொண்டால் ஏமாற்றம்தான் மிஞ்சும்.

இன்னொன்றையும் அழுத்திச் சொல்ல வேண்டும். 'நான் எதற்கும் உதவாதவன்' என்ற எண்ணம் இரண்டு வாரத்துக்கு மேல் விடாமல் இருந்து, தூக்கமும் பசியும் கெட்டிருந்தால், இந்தப் பயிற்சியை ஒத்திவைத்துவிட்டு மருத்துவரைப் பாருங்கள். சாக வேண்டும் என்ற எண்ணம் வந்தால் ஒரு நாளும் காத்திருக்க வேண்டாம், உடனே ஒருவரிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள். அது விசுவாசக் குறைவு இல்லை. 'போதும் கர்த்தாவே' என்று சூரைச்செடியின் கீழ் படுத்த எலியா தீர்க்கதரிசிக்கு முதலில் கிடைத்தது தூக்கமும் அப்பமும் தண்ணீரும், அதுவும் இரண்டு தடவை. அடுத்த வேலை அதற்குப் பிறகுதான் சொல்லப்பட்டது (1 இராஜாக்கள் 19).

மூன்று மாதம் முடிந்ததும் நோட்டைத் திறந்து இரண்டாம் பத்தியில் புதிய பெயர் சேர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். சேர்ந்திருந்தால் இன்னும் ஆறு மாதம் தொடரலாம். சேரவில்லை என்றால் போதகரிடம் நேராகப் போய், 'ஒத்துக்கொண்ட காலம் முடிந்தது, இது எனக்குப் பொருந்தவில்லை, அடுத்தவருக்கு இரண்டு வாரம் சொல்லிக்கொடுத்துவிட்டு விலகுகிறேன்' என்று சொல்லிவிட்டு, பட்டியலில் அடுத்த வரியை எடுங்கள்.