கீழாநெல்லி இருக்க மாத்திரை எதற்கு?

கேள்வி: என் கணவருக்கு வயது 41. கல்லீரலைத் தாக்கும் ஹெபடைட்டிஸ்-பி வைரஸ் இருப்பதால் ஒன்றரை வருடமாக டெனோஃபோவிர் மாத்திரை சாப்பிடுகிறார். மாமியார் தினமும் காலையில் கீழாநெல்லியை அரைத்து மோரில் கலந்து கொடுக்கிறார். "பக்கத்து வீட்டுப் பையனுக்குப் பத்தே நாளில் காமாலை இறங்கிடுச்சு, மாத்திரையை நிறுத்து" என்கிறார். நிறுத்தலாமா டாக்டர்?

பதில்: கூடவே கூடாதம்மா. டெனோஃபோவிரைத் திடீரென்று விட்டால் அடங்கிக் கிடக்கும் வைரஸ் மறுபடி பெருகும். சிலருக்குக் கல்லீரலே செயலிழந்துபோகும் அளவுக்கு முற்றிவிடும்.

அந்தப் பையனுக்கு வந்தது பெரும்பாலும் ஹெபடைட்டிஸ்-ஏ ஆக இருக்கும். அசுத்தமான தண்ணீரிலும் சாப்பாட்டிலும் வருவது, சில வாரங்களில் தானாகவே சரியாகிவிடும். காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதைதான். உங்கள் கணவருக்கு இருப்பது ஆறு மாதம் தாண்டியும் உடம்பைவிட்டுப் போகாத வேறு வைரஸ்.

அதற்காக மாமியாரை ஒரேயடியாகத் தள்ளிவிடவும் முடியாது. கீழாநெல்லி இலையில் ஃபில்லாந்தின், ஹைப்போஃபில்லாந்தின் என்ற பொருள்கள் இருக்கின்றன. நச்சு ஏற்றிய எலியின் கல்லீரல் செல்களை இவை காப்பாற்றியதை ஆய்வகத்தில் பார்த்திருக்கிறார்கள். 1988-ல் சென்னையில் டாக்டர் தியாகராஜன் குழுவினர், ஹெபடைட்டிஸ்-பி வைரஸைக் கண்டுபிடித்து நோபல் பரிசு வாங்கிய ப்ளம்பெர்க்குடன் சேர்ந்து லான்செட் இதழில் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். 30 நாள் கீழாநெல்லிப் பொடி சாப்பிட்ட 37 பேரில் 22 பேருக்கு, ரத்தத்தில் வைரஸ் இருப்பதைக் காட்டும் அதன் மேலுறைப் புரதம் காணாமல் போயிருந்தது. ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக, மருந்துச் சத்தே இல்லாத வெற்று மருந்து சாப்பிட்ட 23 பேரில் ஒருவருக்குத்தான் அப்படி ஆனது. பெரிய நம்பிக்கை பிறந்தது. ஆனால் தாய்லாந்திலும் நியூசிலாந்திலும் செய்து பார்த்தபோது அந்தப் பலன் கிடைக்கவில்லை. அதனால்தான் இன்றுவரை எந்தக் கல்லீரல் மருத்துவரும் மாத்திரைக்குப் பதிலாக இதை எழுதிக் கொடுப்பதில்லை.

இன்னொன்று, மாத்திரையில் 300 மில்லிகிராம் என்றால் என்றும் 300தான். செடியில் அப்படியில்லை, மண்ணுக்கும் பருவத்துக்கும் ஏற்ப மருந்துப் பொருளின் அளவு மாறும். வேலியோரம் பறிப்பது கீழாநெல்லிதானா என்பதையும் பாருங்கள். இலைக்கு அடியில் வரிசையாகக் காய் இருந்தால் மட்டும் போதாது, தண்டு சிவந்த செங்கீழாநெல்லிக்கும் அப்படித்தான் இருக்கும். கீழாநெல்லியின் காய் வழவழப்பாக, சின்னக் காம்போடு தொங்கும். மற்றதில் காம்பே தெரியாது, சொரசொரப்பாக இருக்கும்.

மோரில் கலந்து குடிப்பதை உங்கள் மருத்துவரிடம் மறைக்காமல் சொல்லிவிடுங்கள். கல்லீரல், சிறுநீரகப் பரிசோதனைகளைத் தவறவிடாதீர்கள். மது அறவே வேண்டாம்.

நீங்களும் பிள்ளைகளும் ரத்தப் பரிசோதனை செய்துகொண்டீர்களா என்று எழுதவில்லையே? ரத்தம், உடலுறவு வழியாகப் பரவும் நோய் இது. பாதிப்பு இல்லாதவர்கள், ஏற்கெனவே போட்டிருக்காவிட்டால், மூன்று தவணைத் தடுப்பூசியை இந்த வாரமே தொடங்குங்கள்.