கடன் வாங்கிய பணத்தைக் கனடாவுக்குக் காட்டலாமா?

கேள்வி: நாமக்கல்லில் ஒரு கோழித் தீவன கம்பெனியில் கணக்கு பார்க்கிறேன் சார், வயது 36, சம்பளம் 42,000. மனைவிக்கு 30, பி.எஸ்சி. நர்சிங் முடித்துவிட்டுத் தனியார் மருத்துவமனையில் 6 வருடமாக ஸ்டாஃப் நர்ஸ், 27,000 வாங்குகிறார். ஒரு பெண் குழந்தை. எஃப்.டி. 6 லட்சம், 35 பவுன் நகை, இன்னும் எடுக்காத 5 லட்ச ரூபாய் சீட்டு ஒன்று இருக்கிறது. என் பெயரில் கனடா பி.ஆர். (அங்கே நிரந்தரமாகத் தங்கும் உரிமை) போட ஏஜென்ட் 3.5 லட்சம் கேட்கிறார். அக்கவுண்டில் காட்ட வேண்டிய பணத்தை 2 வட்டிக்கு அவரே 6 மாதம் போட்டு வைப்பாராம். அது வேண்டாமென்றால் நகையை அடகு வைக்கலாமா, அப்பாவின் நிலத்தை விற்கலாமா?

பதில்: முதலில் அந்த 2 வட்டியை விடுங்கள். 15 லட்சத்துக்கு மாதம் 30,000, ஆறு மாதத்தில் 1.8 லட்சம் வெறும் வட்டியாகவே போய்விடும். அதுகூடப் பரவாயில்லை. ஸ்கில்டு வொர்க்கர் பிரிவில் காட்டும் பணம் கடன் வாங்கியதாக இருக்கக் கூடாது என்று கனடா குடிவரவுத் துறை தெளிவாகவே சொல்கிறது. அடுத்தவர் பணத்தை உங்களுடையது என்று காட்டி மாட்டினால் பொய்த் தகவல் கொடுத்த கணக்கில் 5 வருடத் தடை. தடை உங்களுக்குத்தான், ஏஜென்டுக்கு இல்லை.

இது அரசாங்கத்துக்குக் கட்டும் பணமும் இல்லை. அங்கே போய் இறங்கி வேலை கிடைக்கும் வரை வீட்டு வாடகைக்கும் மளிகைக்கும் நீங்கள் செலவழிக்கப் போகிற பணம். வட்டிக்கு வாங்கிக் காட்டிவிட்டு, விசா வந்ததும் திருப்பிக் கொடுத்துவிட்டுக் குழந்தையோடு பனியில் போய் நின்றால் என்ன செய்வீர்கள்?

2025 ஜூலையில் மாற்றிய கணக்குப்படி 3 பேர் குடும்பத்துக்கு 23,360 கனடா டாலர். டாலர் 65 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் 15.2 லட்சம். வருடா வருடம் கொஞ்சம் ஏற்றுகிறார்கள், அதனால் 17 லட்சம் என்று இலக்கு வையுங்கள்.

நகையை அடகு வைத்தால் அது கடன், விற்றால் உங்கள் பணம். சீட்டும் அப்படித்தான். எடுத்துவிட்டு மீதித் தவணையைக் கட்டிக்கொண்டிருந்தால் பாக்கித் தவணை உங்கள் தலையில் கடனாக நிற்கும், அதனால் கழிவு போக என்ன வருகிறதோ வரட்டும் என்று இப்போதே ஏலத்தில் கேட்காமல் கடைசி வரை விட்டு எடுங்கள். எஃப்.டி.யும் சீட்டும் 11 லட்சம் ஆச்சு. மீதியில் ஒரு பங்கு மாதச் சேமிப்பில் வரட்டும், மனைவி சம்மதித்தால் போடாமல் கிடக்கும் பழைய நகையில் நாலைந்து பவுனை விற்று மற்றதை நிரப்புங்கள், விற்ற ரசீதைப் பத்திரமாக வையுங்கள். அப்பாவின் நிலத்தில் கை வைக்காதீர்கள். நிலத்தின் மதிப்பைக் காட்டினால் ஏற்க மாட்டார்கள், விற்றுத்தான் ஆக வேண்டும். விசா வரவில்லை என்றால் அந்த விலைக்கு அதே நிலத்தை யார் திருப்பித் தரப் போகிறார்கள்?

பணம் சேர்ந்த பிறகு அசையாமல் கிடக்கட்டும், ஏனென்றால் வங்கிக் கடிதத்தில் கடைசி 6 மாதச் சராசரி இருப்பைக் கேட்கிறார்கள். கிளையில் போய்க் கேட்டால் ஒரு வரி பேலன்ஸ் சர்டிஃபிகேட்டைத்தான் நீட்டுவார்கள், அது போதாது. அக்கவுண்ட் நம்பர், எந்தத் தேதியில் தொடங்கியது, இன்றைய இருப்பு, ஆறு மாதச் சராசரி, அப்புறம் உங்கள் பெயரில் உள்ள கிரெடிட் கார்டு பாக்கி, கடன் எல்லாம் லெட்டர்ஹெட்டில் இருக்க வேண்டும். மாதிரி ஒன்றை டைப் செய்து மேனேஜரிடம் கொடுத்துவிடுங்கள், இல்லையென்றால் நாலு தடவை நடக்க விடுவார்கள்.

இப்போது நீங்கள் கேட்காத ஒன்று. உங்கள் பெயரில் ஏன் போடுகிறீர்கள்? எக்ஸ்பிரஸ் என்ட்ரியில், அதாவது புள்ளி போட்டு ஆளை பி.ஆர்.க்கு அழைக்கும் முறையில், 30 வயதைத் தொட்டதிலிருந்து வருடத்துக்கு வருடம் வயதுப் புள்ளி குறையும், உங்களுக்கு 36. அதோடு மருத்துவத் துறையினருக்கென்று தனிப் பிரிவு வைத்து 2023 முதல் அழைக்கிறார்கள், அதில் நர்ஸ் வேலை இருக்கிறது. மனைவியை முதன்மை விண்ணப்பதாரராகப் போட்டு, அவருடைய பட்டம் கனடாவில் எதற்குச் சமம் என்று சொல்லும் கல்வி மதிப்பீடும் ஐஇஎல்டிஎஸ் ஜெனரல் ஆங்கிலத் தேர்வும் முதலில் முடியுங்கள். நீங்களும் அந்த ஆங்கிலத் தேர்வு எழுதினால் சில புள்ளி கூடும். ஒன்று மட்டும் மனதில் இருக்கட்டும்: பி.ஆர். கிடைத்தாலும் அங்கே நர்ஸாக நிற்க மாகாண உரிமம் வேண்டும், அதற்குத் தனியாகத் தேர்வும் காத்திருப்பும் உண்டு. அதுவரை வேறு வேலை பார்க்கத் தயாரா என்று அவரிடம் உட்கார்ந்து பேசுங்கள்.

ஏஜென்டைப் பற்றி: எக்ஸ்பிரஸ் என்ட்ரியில் பெயர் பதிய ஒரு பைசா கட்டணம் கிடையாது. அழைப்பு வந்த பிறகுதான் பெரியவர்களுக்குத் தலைக்கு 1,500 டாலருக்கு மேல், குழந்தைக்குக் கொஞ்சம். அழைப்பு வந்ததும் 60 நாளில் முழு விண்ணப்பமும் போக வேண்டும், அதற்கு உதவி வேண்டுமென்றால் கனடாவில் குடிவரவு ஆலோசகர்களுக்கு உரிமம் கொடுக்கும் அமைப்பின் (College of Immigration and Citizenship Consultants) பதிவேட்டில் ஏஜென்டின் பெயர் இருக்கிறதா என்று இணையத்தில் தேடிப் பாருங்கள். பெயர் இல்லாதவரிடம் 3.5 லட்சம் கொடுப்பது, அவருடைய ஆபீஸ் வாடகையை நீங்கள் கட்டுவதுதான்.

கடைசியாக, பணத்தை அனுப்பும்போது: ஒரு நிதியாண்டில் ஒருவர் 10 லட்சத்துக்கு மேல் வெளிநாட்டுக்கு அனுப்பினால் மேலே உள்ள தொகைக்கு 20% டிசிஎஸ் (வங்கி முன்கூட்டியே வசூலிக்கும் வருமான வரி) பிடிப்பார்கள். ரிட்டர்னில் திரும்ப வரும் என்றாலும் புது ஊரில் கையிருப்பு குறையும். பணத்தில் பாதி மனைவி கணக்கில் இருந்தால் அவரவர் பான் எண்ணில் ஆளுக்கு எட்டரை லட்சமாக அனுப்பிவிடலாம்.