கேம் பாய்க்குப் புது ஸ்கிரீன்: முதல் தடவையே கை வைக்கலாமா?

கேள்வி: ராயபுரத்தில் இருக்கிறேன், காலேஜ் இரண்டாம் வருஷம். கப்பலில் வேலை பார்த்த சித்தப்பா ரொம்ப வருஷம் முன்னால் வாங்கி வந்த கேம் பாய் அட்வான்ஸ் (கையில் வைத்து ஆடும் நின்டென்டோ வீடியோ கேம் மெஷின்) ஒன்று வீட்டில் இருக்கிறது. ஓடுகிறது, ஆனால் திரை ஒரே இருட்டு. அதில் ஐபிஎஸ் என்கிற பளிச் எல்சிடி ஸ்கிரீன், புது பாடி, யூஎஸ்பி-சி சார்ஜிங் எல்லாம் போட ஆசை. நின்டென்டோவின் இன்னொரு கேம் மெஷினான ஸ்விட்ச் லைட்டும் வைத்திருக்கிறேன். அதில் கம்பெனிப் பூட்டை உடைக்கும் சிப் போடுவது பத்து நிமிஷ வேலை என்கிறான் நண்பன். நான் சால்டரிங் அயர்ன் பிடித்ததே இல்லை. ஃபேன் ரெகுலேட்டர் மாற்றியதோடு சரி. நானே செய்யலாமா, கடையில் கொடுத்துவிடட்டுமா?

பதில்: கேம் பாயில் ஸ்கிரீனையும் பாடியையும் நீங்களே மாற்றுங்கள், தாராளமாக. யூஎஸ்பி-சி சார்ஜிங் இப்போதைக்கு வேண்டாம். ஸ்விட்ச் லைட் பக்கம் ஸ்க்ரூடிரைவரோடு போகவே போகாதீர்கள்.

புதிதாக இறங்குகிறவர்கள் கேட்கும்போது நான் முதலில் பார்ப்பது ஒன்றைத்தான். செய்ததைப் பிடிக்காமல் போனால் பழையபடி திருப்பி வைக்க முடியுமா? முடியும் என்றால் அனுபவம் இல்லாவிட்டாலும் இறங்கலாம். வெட்டுவது, அறுப்பது, சுரண்டுவது என்று ஒரு வேலையில் வந்துவிட்டால் அது முதல் வேலையாக இருக்கக் கூடாது.

உங்கள் மெஷினில் பழுது எதுவும் இல்லை என்பதை முதலில் தெரிந்துகொள்ளுங்கள். 2001-ல் அது வந்தபோதே அப்படித்தான் இருந்தது. அந்தத் திரைக்குச் சொந்த வெளிச்சம் கிடையாது. வெளியிலிருந்து விழும் வெளிச்சத்தைத் திருப்பி அனுப்பித்தான் படம் தெரியும். மொட்டை மாடியில் வெயிலில் உட்கார்ந்தால் பளிச்சென்று இருக்கும், டியூப் லைட்டுக்குக் கீழே எதுவும் தெரியாது. 2003-ல் வந்த எஸ்பி மாடலில்தான் விளக்கு வைத்தார்கள். இப்போது கிடைக்கும் ஐபிஎஸ் கிட்டில் பின்னாலிருந்து வெளிச்சம் வரும் திரை, அதற்கான சின்ன போர்டு, ஒரு ஸ்ட்ரிப் (ரிப்பன் மாதிரித் தட்டையான ஒயர்) இருக்கும். பெரும்பாலான கிட்டுகளுக்கு சால்டரிங் தேவையே இல்லை, பழைய திரையின் ஸ்ட்ரிப் சொருகியிருந்த இடத்தில் புதியதைச் சொருக வேண்டியதுதான். பட்டனை அழுத்தி வெளிச்சத்தைக் கூட்டிக் குறைப்பதற்கு மட்டும் இரண்டு மூன்று ஒயர் பற்றவைக்கச் சொல்வார்கள். அதை விட்டுவிட்டாலும் திரை வேலை செய்யும்.

கிட் வாங்கும்போது ஒரு விஷயம். இந்த மெஷினின் மதர்போர்டில் 32 பின், 40 பின் என்று இரண்டு வகை உண்டு. இரண்டுக்கும் ஸ்ட்ரிப் தருகிற கிட்டாகப் பார்த்து வாங்குங்கள், இல்லையென்றால் முதலில் திறந்து எது என்று பார்த்துவிட்டு ஆர்டர் போடுங்கள். இன்னொன்று, ஐபிஎஸ் திரை அளவில் பெரியது. பழைய பாடிக்குள் உட்கார வேண்டுமானால் பெரும்பாலும் உள்ளே பிளாஸ்டிக்கை வெட்ட வேண்டும். சித்தப்பா வாங்கி வந்த பாடியில் கத்தி வைக்காதீர்கள். ஐபிஎஸ்ஸுக்கு என்றே உள்ளே இடம் விட்டு வரும் பாடி கிடைக்கிறது, அதை வாங்கிக்கொண்டு பழைய பாடியையும் பழைய திரையையும் ஒரு டப்பாவில் போட்டு பத்திரமாக வையுங்கள்.

கருவிகளுக்கு ரிச்சி தெருவுக்கு ஒரு நடை போய் வாருங்கள். சுற்றிலும் இருக்கும் ஸ்க்ரூக்களின் தலையில் மூன்று கால் பள்ளம் இருக்கும். அதற்கு ட்ரை-விங் என்று கேட்டால் தருவார்கள். பேட்டரி அறைக்குள் இருப்பதும் போர்டைப் பிடித்திருப்பவையும் சாதாரண ப்ளஸ். ட்ரை-விங் இல்லையென்று மைனஸ் ஸ்க்ரூடிரைவரை வைத்து அழுத்தித் திருப்புகிறவர்கள் நிறையப் பேர். தலை வழுக்கிவிட்டால் அப்புறம் ட்ரில் போட்டுத்தான் எடுக்க வேண்டியிருக்கும். கழற்றும் ஸ்க்ரூவை வரிசையாக இட்லித் தட்டின் குழிகளில் போட்டுக்கொண்டே வாருங்கள், ஒரு கட்டத்துக்கு ஒரு குழி. நீள ஸ்க்ரூவைக் குட்டை ஸ்க்ரூ இடத்தில் போட்டு முறுக்கினால் மறுபக்கம் பாடியைப் பிதுக்கிக்கொண்டு வரும். பின்மூடியைத் தூக்கும்போது எல், ஆர் பட்டன்கள் ஸ்ப்ரிங்கோடு கழன்று விழும், பதறாதீர்கள். தூக்குவதற்கு முன்னும் பின்னும் போனில் படம் எடுத்து வைத்துக்கொண்டால் போதும்.

இனி வருவதுதான் ஆபத்தான இடம். கேம் பாயைக் கெடுப்பவர்களில் பெரும்பாலோர் சால்டரிங் சூட்டால் கெடுப்பதில்லை, ஸ்ட்ரிப் கனெக்டரில்தான் கெடுக்கிறார்கள். மதர்போர்டில் ஸ்ட்ரிப் நுழைகிற இடத்தில் மெல்லிய பிளாஸ்டிக் லாக் ஒன்று இருக்கும், இரண்டு ஓரத்திலும் குட்டிக் காது நீட்டிக்கொண்டிருக்கும். நகத்தாலோ பிளாஸ்டிக் குச்சியாலோ ஒரு காதை அரை மில்லிமீட்டர் ஸ்ட்ரிப் வரும் பக்கமாகத் தள்ளுங்கள். அப்புறம் அடுத்த காதை அதே அளவு. மறுபடி முதல் காது. மொத்தம் ஒரு மில்லிமீட்டர் நகர்ந்தால் ஸ்ட்ரிப் தானாக வந்துவிடும், இழுக்கவே கூடாது. இருபது வருஷத்துக்கு மேலான பிளாஸ்டிக், ஒரே பக்கமாக நெம்பினால் காது கையோடு வந்துவிடும். புது ஸ்ட்ரிப்பைச் சொருகும்போது அதன் விளிம்பு கனெக்டருக்கு நேர் கோடாக நிற்கிறதா என்று பாருங்கள். ஒரு முனை மட்டும் மேலே ஏறியிருந்தால் திரையில் கோடு கோடாக வரும், அல்லது வெள்ளையாகவே நிற்கும்.

நீங்கள் இருப்பது கடலோரம். ராயபுரம், காசிமேடு, திருவொற்றியூர் பக்கத்திலிருந்து வரும் மெஷின்களைத் திறந்தால் பேட்டரி தகட்டில் பச்சைக் களிம்பு படிந்திருப்பது சகஜம். உப்புக்காற்றும் ஒரு காரணம், உள்ளேயே வைத்து மறந்துபோன செல் ஒழுகியதும் ஒரு காரணம். ஆல்கலைன் செல்லின் ஒழுகல் காரத்தன்மை உள்ளது, அதனால் இயர் பட்ஸில் கொஞ்சம் வினிகர் தொட்டுத் துடைத்தால் கரையும். அதன்மேல் ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் வைத்துத் துடைத்துக் காயவிடுங்கள். கடைகளில் தின்னர் போட்டுத் தேய்ப்பதைப் பார்த்திருப்பீர்கள், அது பிளாஸ்டிக்கைத் தின்னும். ஹேண்ட் சானிடைசரும் வேண்டாம், அதில் தண்ணீரும் பிசுபிசுப்பும் இருக்கின்றன. ஆன்-ஆஃப் ஸ்விட்சுக்குள்ளும் இரண்டு சொட்டு ஆல்கஹால் விட்டுப் பல தடவை முன்னும் பின்னும் தள்ளுங்கள். ஐபிஎஸ் திரை பழைய திரையைவிட அதிகக் கரண்ட் இழுக்கும். ஸ்விட்ச் அழுக்காக இருந்தால் வோல்டேஜ் இறங்கி மெஷின் ஆன் ஆவதும் அணைவதுமாக இருக்கும். கிட்தான் டூப்ளிகேட் என்று நிறையப் பேர் கடைக்காரரோடு சண்டைக்குப் போவது இதற்காகத்தான்.

மூடுவதற்கு முன் பின்மூடியைச் சும்மா பொருத்தி, செல் போட்டு, திரை எரிகிறதா என்று பார்த்துவிடுங்கள். திரையின் போர்டு மதர்போர்டைத் தொடுகிற இடத்தில் கேப்டான் டேப் (சூடு தாங்கும், கரண்ட் கடத்தாத டேப்) ஒட்டுங்கள். கண்ணாடியை ஒட்டும் நேரத்தில் ஃபேனை நிறுத்திவிடுங்கள், தூசி ஒன்று உள்ளே மாட்டினால் தினமும் அதுதான் கண்ணில் படும். ஸ்டாடிக் (உடம்பில் சேரும் நிலைமின்சாரம்) பற்றி வெளிநாட்டு வீடியோக்களில் ரொம்பப் பயமுறுத்துவார்கள். நம் ஊர்ப் புழுக்கத்தில் அந்தத் தொல்லை குறைவு. ஏசி அறையில், பாலியஸ்டர் பெட்ஷீட் மேல் உட்கார்ந்து செய்யாமல் இருந்தால் சரி.

யூஎஸ்பி-சி சார்ஜிங்கை ஏன் வேண்டாம் என்கிறேன்? அதற்குப் பெரும்பாலும் பாடியில் ஓட்டை போட வேண்டும், பற்றவைக்க வேண்டும், லித்தியம் பேட்டரியை இடுக்கி உட்கார வைக்க வேண்டும். 3.7 வோல்ட் லித்தியம் பேட்டரி முழுதாக ஏறும்போது 4.2 வோல்ட் வரை போகும். ஸ்க்ரூ முனை குத்தினாலோ ஒயர் மாறினாலோ புகைந்து தீப்பிடிக்கலாம். முதல் தவறை அங்கே செய்யக் கூடாது. உங்கள் மெஷினுக்கு வேண்டியது சுவர்க் கடிகாரத்தில் போடுகிற அதே செல் இரண்டுதான். அதே அளவில் ரீசார்ஜ் செல் வாங்கி வெளியே சார்ஜரில் போட்டுக்கொள்ளுங்கள். அது ஒவ்வொன்றும் 1.5-க்குப் பதில் 1.2 வோல்ட் என்பதால் செல் தீரப்போகிறது என்று காட்டும் சிவப்பு லைட் கொஞ்சம் சீக்கிரம் எரியும், அவ்வளவுதான்.

சால்டரிங் கற்க ஆசை இருந்தால் தனியாகக் கற்றுக்கொள்ளுங்கள், சித்தப்பாவின் மெஷினில் வேண்டாம். காயலான் கடையில் பழைய ரிமோட், பொம்மை, எஃப்எம் ரேடியோ போர்டு கேட்டு வாங்கி, பாகங்களைக் கழற்றித் திரும்பப் பற்றவையுங்கள். டிவி போர்டையும் சார்ஜர் போர்டையும் தொடாதீர்கள். நம் 230 வோல்ட் லைனில் ஓடுகிற சப்ளையின் பெரிய கெபாசிட்டரில் 300 வோல்ட்டுக்கு மேல் ஏறி நிற்கும், பிளக்கைப் பிடுங்கிய பிறகும் தூக்கி அடிக்கும். 63/37 ஈயம் (63 பங்கு வெள்ளீயம், 37 பங்கு ஈயம் கலந்த சால்டர்) 183 டிகிரியில் உருகும். புதிய சாதனங்களில் இருக்கும் ஈயமில்லாத கலவைக்குச் சுமார் 217 டிகிரி வேண்டும், அதனால்தான் மலிவான அயர்ன் அங்கே திணறுகிறது. ஜன்னலைத் திறந்து வையுங்கள், முடித்ததும் கையைக் கழுவாமல் பஜ்ஜியைத் தொடாதீர்கள்.

சரி, ஸ்விட்ச் லைட். உங்கள் நண்பர் சொன்னது முழுப் பொய் இல்லை, வேறு மெஷினின் கதை. 2017-லிருந்து 2018 நடுப்பகுதி வரை வந்த முதல் ஸ்விட்ச்களின் சிப்பில், தொழிற்சாலையில் எழுதிய பிறகு யாராலும் மாற்ற முடியாத பகுதியில், ஒரு பாதுகாப்பு ஓட்டை இருந்தது. 2018-ல் அது வெளியே தெரிந்தது. வலப்பக்க ஜாய்-கான் (பக்கவாட்டில் மாட்டிக் கழற்றும் கன்ட்ரோலர்) சொருகும் தடத்தில் இரண்டு பின்களை இணைத்தே உள்ளே போய்விடலாம். பின்னால் தயாரானவற்றில் அதை அடைத்துவிட்டார்கள். லைட் வந்ததே 2019-ல், அதில் கழற்றும் ஜாய்-கானும் கிடையாது. அதில் உள்ளே போக வேண்டுமானால் மெஷினைப் பிரித்து, பிராசசர் பக்கத்தில் கண்ணுக்கே தெரியாத புள்ளிகளில் மைக்ரோஸ்கோப் வைத்துச் சிப்பைப் பற்றவைக்க வேண்டும். செல்போன் போர்டு வேலை பார்த்துக் கை பழகியவர்களே நிதானித்துச் செய்கிற வேலை. தப்பித்து வேலை செய்தாலும் ஆன்லைனில் போனால் நின்டென்டோ அந்த மெஷினையே தடை செய்யலாம். சட்டமும் இருக்கிறது. பதிப்புரிமைச் (காப்பிரைட்) சட்டத்தில் 2012-ல் சேர்த்த 65ஏ பிரிவின்படி, உரிமையை மீறும் நோக்கத்தோடு பாதுகாப்பை உடைத்தால் இரண்டு வருஷம் வரை சிறையும் அபராதமும் உண்டு. இலவச கேமுக்காகத்தான் சிப் என்றால் அந்த நோக்கம் இல்லை என்று வாதாடுவது கஷ்டம். கேம் பாயில் ஸ்கிரீன் மாற்றுவதற்கு இந்தக் கவலையே கிடையாது.

ஸ்கிரீன் போட்டும் படம் வரவில்லை என்றால் இந்த வரிசையில் பாருங்கள்: புது செல், ஸ்விட்ச் சுத்தம், ஸ்ட்ரிப்பைக் கழற்றி நேராகத் திரும்பச் சொருகுவது, கேசட்டின் பின்களை ஆல்கஹாலால் துடைப்பது. கேசட் போடாமலே ஆன் செய்தால் கேம் பாய் என்ற எழுத்து மட்டும் வர வேண்டும். அது வந்தால் உங்கள் வேலையில் குறை இல்லை, குறை கேசட் பக்கம்தான். பழைய திரையைத் திரும்ப மாட்டினால் அது ஓடுகிறதா என்றும் பாருங்கள். ஓடினால் மதர்போர்டு பிழைத்திருக்கிறது, கிட்டை மாற்றித் தரச் சொல்லலாம். எதுவும் பலிக்காமல் கடைக்கு எடுத்துப் போனால், நானேதான் திறந்தேன், இந்த இந்த இடத்தில் கை வைத்தேன் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். லாக் காது உடைந்திருந்தால் அந்தத் துண்டையும் டேப்பில் ஒட்டி எடுத்துப் போங்கள்.