புனலூர் பார்ட்டி 'லோட் ட்யூ 6 ஏஎம்' (Load due 6 AM) என்றால் பாக்கி கேட்கிறாரா?

இல்லை, அவர் உங்களிடம் பணம் கேட்கவில்லை. காய்கறி லோடு காலை 6 மணிக்கு அங்கே வந்து சேர வேண்டும் என்கிறார், அவ்வளவுதான். செங்கோட்டையில் உட்கார்ந்து பழைய ரசீதுகளைப் புரட்டுவதை விட்டுவிட்டு, வண்டி புளியரை தாண்டிவிட்டதா என்று டிரைவரிடம் கேளுங்கள்.

நம் பக்கம் ட்யூ என்றாலே ஃபைனான்ஸ் தவணைதான். குழப்பம் அங்கேதான். ஆங்கிலத்தில் 'வர வேண்டியது' எதுவானாலும் ட்யூ: கடன், ரயில், பிரசவத் தேதி. (டெபிட், ட்யூட்டி இரண்டும் இதே லத்தீன் வேரில் வந்தவை.)

பக்கத்தில் என்ன சொல் நிற்கிறது என்று பாருங்கள். ரூபாய் என்றால் பாக்கி. மணியோ ஊரோ என்றால் வருகை. 'ட்யூ டு ரெயின்' என்றால் மழையால்.

ஒன்றில் மட்டும் ஏமாந்துவிடாதீர்கள். 'அமௌண்ட் ட்யூ டு யூ' என்பது உங்களால் வந்த பாக்கி இல்லை. உங்களுக்கு வர வேண்டிய பணம். அப்படி வந்தால் யோசிக்காமல் அக்கவுண்ட் நம்பரை அனுப்புங்கள். அப்புறம், பில்லில் வெறும் தேதியோடு ட்யூ என்றிருந்தால் அது பணம் கட்டக் கடைசி நாள்தான்.